விறகு அடுப்புக்கு ஏற்ற புகைபோக்கி: சில குளிர்காலங்கள் எரித்துப் பார்த்த அனுபவம்

டொரன்டோவைத் தாண்டி ஒன்டாரியோவின் உட்பகுதியில் வீடு வாங்கும் நண்பர்கள் விறகு அடுப்பு பற்றிக் கேட்டால், எந்த பிராண்ட் நல்லது என்றுதான் ஆரம்பிப்பார்கள். நான் திருப்பிக் கேட்பது இரண்டு கேள்விகள். புகைபோக்கியின் உள்ளளவு என்ன? அது வீட்டுக்குள்ளேயே மேலே ஏறுகிறதா, வெளிச்சுவரை ஒட்டி ஏறுகிறதா? எங்கள் வீட்டில் அடுப்பையும் விறகையும் அப்படியே வைத்துக்கொண்டு குழாயை மட்டும் மாற்றினோம். அதன் பிறகு கிடைத்த அடுப்பு வேறு அடுப்பு என்றே சொல்லலாம்.

பீட்டர்பரோவுக்கு வெளியே நாங்கள் வாங்கிய வீட்டில் அடுப்பு ஏற்கெனவே இருந்தது. கண்ணாடிக் கதவு வைத்த புது ரக அடுப்பு, புகை வெளியேறும் வாய் 6 அங்குலம். அதை, வீடு கட்டிய காலத்தில் திறந்த கணப்புக்காக எழுப்பிய செங்கல் புகைபோக்கியில் செருகியிருந்தார்கள். உள்ளே 8க்கு 12 என்று சொல்லப்படும் சுடுமண் குழாய். அளந்தால் உள்ளளவு ஏறக்குறைய 7க்கு 11 அங்குலம். புகைபோக்கியின் மூன்று பக்கமும் வெளியே, பனிக்காற்றில்.

தீ மூட்டும்போது புகை மேலே போகத் தயங்கும். கதவைத் திறந்து கட்டை வைத்தால் ஒரு சுருள் முகத்துக்கே வரும். காற்று வழியைக் கொஞ்சம் குறைத்தால் கண்ணாடி மறுநாளே கறுத்துவிடும். இதைவிடக் கவலை தந்தது இன்னொன்று. கூரைக்கு வெளியே செங்கல் இடுக்குகளில் பழுப்பு நிறத்தில் கசிந்த கறை. விறகுப் புகையில் இருக்கும் ஈரமும் தாரும் குளிர்ந்த சுவரில் படிந்து கெட்டியாவதைத்தான் கிரியோசோட் என்கிறார்கள். முதலில் ஒட்டறை போல உதிரும். வளர விட்டால் கறுப்புக் கண்ணாடி போல இறுகி, துடைப்பத்துக்கு அசையாது. அது தீப்பிடித்தால் புகைபோக்கிக்குள் வெப்பம் 1,000 டிகிரி செல்சியஸைத் தாண்டலாம்.

விறகும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஈரமானியால் சோதித்தோம். பிளந்த கட்டையின் உள்முகத்தில் 20 சதவீதத்துக்குக் கீழேதான் காட்டியது. ஆகவே பழி குழாயின் மேல்தான்.

பெரிய புகைபோக்கி என்றால் புகை தாராளமாகப் போகும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். இழுப்பு அப்படி வருவதில்லை. குழாய்க்குள் இருக்கும் சூடான வாயு வெளிக்காற்றைவிட இலேசானது. அந்த எடை வித்தியாசம்தான் இழுப்பு. அதைக் கூட்டுவது குழாயின் உயரமும் உள்ளேயும் வெளியேயும் உள்ள வெப்ப வித்தியாசமும். அகலம் எவ்வளவு வாயு போகலாம் என்பதை மட்டும் தீர்மானிக்கிறது. திறந்த கணப்பு அறைக்காற்றை ஏராளமாக விழுங்கும், அதற்கு அகலம் வேண்டும். கதவு மூடிய அடுப்பு விடும் வாயு கொஞ்சம்தான், அதுவும் பாதி வெப்பத்தை அறைக்குக் கொடுத்துவிட்டு வருவது.

கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். 6 அங்குல வட்டத்தின் பரப்பு சுமார் 28 சதுர அங்குலம். எங்கள் பழைய குழாயில் 77. அதாவது 2.7 மடங்கு. அடுப்பின் வாயைத் தாண்டியதும் புகையின் வேகம் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கமாக இறங்கிவிடுகிறது. மெதுவாகப் போகும் புகை, குளிர்ந்த செங்கலைத் தொட்டுக்கொண்டே போகிறது, மேலே போவதற்குள் ஆறிவிடுகிறது. ஆறினால் இழுப்பு போச்சு, படிவு வந்தாச்சு. அமெரிக்கத் தீப் பாதுகாப்புத் தரவிதியான என்.எஃப்.பி.ஏ. 211 இதற்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறது. புகைபோக்கி வீட்டுக்குள் இருந்தால் அதன் பரப்பு அடுப்பு வாயின் பரப்பைப் போல மூன்று மடங்கைத் தாண்டக் கூடாது. வெளிச்சுவரில் இருந்தால் இரண்டு மடங்கை. எங்களுடையது உள்ளே இருந்திருந்தால் தப்பியிருக்கும், வெளியே இருந்ததால் தேறவில்லை. என்னைக் கேட்டால் இந்த வரம்பு கடைசி எல்லைதான். அடுப்பின் வாய் என்ன அளவோ அதே அளவில் உச்சி வரை போவதே சரி.

பழைய புகைபோக்கிக்குள் எவர்சில்வர் லைனர், அதாவது ஓர் உள்குழாய், இறக்குவது என்று முடிவு செய்தோம். 6 அங்குல லைனர், அதைச் சுற்றி அரை அங்குலத்துக்கு வெப்பம் காக்கும் போர்வை. மொத்தம் 7 அங்குலம். பழைய குழாயின் உள்ளளவும் அதே 7 என்பதால் நுழையாது. எனவே சங்கிலி மாட்டிய கம்பியை மேலிருந்து இறக்கிச் சுழற்றி, சுடுமண் குழாய்களை உடைத்தெடுத்தார்கள். வந்த சில்லுகளின் ஒரு பக்கம் பளபளவென்று கறுத்திருந்தது. செலவு அடுப்பின் விலையை நெருங்கியது. போர்வை இல்லாமல் வெறும் லைனர் போட்டால் மிச்சம் என்று ஒருவர் சொன்னார். வெளிச்சுவர்ப் புகைபோக்கிக்கு அது வேண்டவே வேண்டாம். அளவு சரியாக இருந்தும் குழாய் குளிர்ந்திருந்தால் பாதிப் பலன்தான்.

பொருத்தும்போது கவனிக்க ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. அடுப்பிலிருந்து ஏறும் இரும்புக் குழாய்த் துண்டுகளின் சுருக்கிய முனை கீழ்நோக்கி இருக்க வேண்டும். தார் வழிந்தால் குழாய்க்குள்ளேயே இறங்கி அடுப்பில் விழுந்து எரிந்துவிடும். தலைகீழாக மாட்டினால் இணைப்புகளில் கறுப்பாகச் சொட்டும். ஒவ்வோர் இணைப்புக்கும் குறைந்தது மூன்று திருகுகள் போடச் சொல்லுங்கள்.

லைனர் வந்த பிறகு தீ பிடிக்கும் வேகமே மாறியது. சுள்ளி பற்றியதும் குழாய்க்குள் மெல்லிய இரைச்சல் கேட்கும். குழாயில் ஒட்டிய காந்த வெப்பமானி சீக்கிரமே 120 டிகிரியைத் தாண்டிவிடும். கண்ணாடியை எப்போதாவது துடைத்தால் போதும். புகைபோக்கி துடைக்க வருபவர் இப்போது வருடத்துக்கு ஒரு முறை எடுப்பது உலர்ந்த பழுப்புத் தூள் மட்டும்.

ஆனால் லைனர் தீர்க்காதவையும் உண்டு. எங்கள் சமையலறையில் தாளிக்கும்போது எக்ஸாஸ்ட் ஃபேன் முழு வேகத்தில் ஓடும். அந்த நேரம் அடுப்புக் கதவைத் திறந்தால் ஃபேன்தான் ஜெயிக்கும். வீட்டுக்குள் அழுத்தம் குறைந்து, புகை கீழே வரும். இறுக்கமாகக் கட்டிய வீடுகளில் இது இன்னும் மோசம். “ஃபேனை நிறுத்திட்டுத் திறங்க” என்று மனைவி சமையலறையிலிருந்து குரல் கொடுப்பார், இல்லையென்றால் ஒரு ஜன்னலை ஓர் அங்குலம் திறந்துவைப்போம். அப்புறம் இலையுதிர் காலம். வெளியே 10 டிகிரி இருக்கும் நாளில் வெப்ப வித்தியாசம் குறைவு, எந்தக் குழாயும் சோம்பும். அந்த நாட்களில் பெரிய கட்டை கீழே, சுள்ளி மேலே என்று அடுக்கி உச்சியில் பற்றவைக்கிறோம். குழாய் முதலில் சூடாகிவிடும். மைனஸ் 25இல் நிலைமை நேர் எதிர்: இழுப்பு அதிகமாகி விறகு வேகமாகத் தீரும், காற்று வழியைச் சீக்கிரமே குறைக்க வேண்டியிருக்கும்.

உயரத்தையும் சொல்லிவிடுகிறேன். கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து 3 அடியாவது மேலே இருக்க வேண்டும். 10 அடிக்குள் இருக்கும் கட்டடத்தின் எந்தப் பகுதியைவிடவும் 2 அடி உயர்ந்திருக்க வேண்டும். வளைவு தேவைப்பட்டால் 90 டிகிரி முழங்கைக்குப் பதில் இரண்டு 45 போடுவது நல்லது. வேலை முடிந்ததும் வெட் (WETT, விறகு அடுப்பு வேலைகளுக்கான கனடியப் பயிற்சி அமைப்பு) சான்றிதழ் பெற்ற பரிசோதகரை அழைத்து அறிக்கை வாங்கிக்கொள்ளுங்கள். இங்கே வீட்டுக் காப்பீட்டுக்காரர்கள் பெரும்பாலும் அதைத்தான் கேட்பார்கள்.

நண்பர் ஒருவருக்கு 8 அங்குல வாய் உள்ள பழைய அடுப்பு சும்மா கிடைத்தது. அவர் வீட்டில் இருப்பது 6 அங்குலக் குழாய். நடுவில் ஒரு குறுக்கி வைத்தால் ஆகாதா என்று கேட்டார். 8 அங்குல வட்டத்தின் பரப்பு 50 சதுர அங்குலம். அதை 28க்குள் திணித்தால் கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் புகை அறைக்கு வரும், கூடவே கார்பன் மோனாக்சைடும் வரும். அடுப்பு தயாரித்தவரின் கையேடு எழுத்தில் அனுமதிக்காதவரை வாயைவிடச் சிறிய குழாய் கூடாது. அந்த அடுப்பை வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன். 6 அங்குல வாய் உள்ளதாகத் தேடிக்கொண்டிருக்கிறார்.