மெஷ்ஷா, பிளெண்டா, அடுக்கி வரைவதா? நிஜம் போல வரையப் பழகுகிறவருக்கு எது முதலில்

வெக்டரில், அதாவது பிக்சல்களால் இல்லாமல் கோடுகளும் வடிவங்களுமாக, போட்டோ போலவே ஒரு படம் வரைய ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது எந்த மென்பொருள், இல்லஸ்ட்ரேட்டரா, கோரல்டிராவா, இங்க்ஸ்கேப்பா என்றுதான். நானும் அதைத்தான் கேட்டேன். மூன்றிலும் மாறி மாறிக் கொஞ்ச காலம் ஓட்டிய பிறகுதான், நிழலையும் பளபளப்பையும் எந்த முறையில் கொண்டுவருகிறோம் என்பதே பெரிய விஷயம் என்று புரிந்தது. முறைகள் மூன்று: தட்டையான நிற வடிவங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கித் தேவையான இடத்தில் பிளர் செய்வது (விளிம்பை மங்கலாக்குவது), இரண்டு வடிவங்களுக்கு நடுவே பிளெண்ட் போடுவது (ஒன்று மற்றொன்றாகப் படிப்படியாக மாறும் இடை வடிவங்களை மென்பொருளே நிரப்பும்), அப்புறம் எல்லோரும் வாய்பிளந்து பார்க்கும் கிரேடியன்ட் மெஷ். சோதித்துப் பார்க்க ஒரு ஆப்பிளும் ஒரு ஸ்டீல் ஸ்பூனும் போதும், ஏனென்றால் இரண்டும் நேரெதிர்.

மெஷ் என்பது வடிவத்தின் மேல் விரிக்கிற ஒரு வலை. குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள், அவை சந்திக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நிறம், புள்ளிக்குப் புள்ளி நிறம் இழைந்து மாறும். இல்லஸ்ட்ரேட்டரில் 1998இல் வந்த 8ஆம் பதிப்பிலிருந்தே இது இருக்கிறது. ஆப்பிளில் சிவப்பு மெல்ல மஞ்சளாகும் இடம், மனிதத் தோல், கார் பானெட் என்று எல்லை தெரியாமல் நிறம் மாறும் பரப்புகளில் இதை அடிக்க வேறு முறை இல்லை. சிக்கல் என்னவென்றால், ஒரு சின்ன ஒளிப்புள்ளிக்காக ஒரு கோடு சேர்த்தால் அது அந்த இடத்தோடு நிற்காது, வடிவத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஓடும், போகிற வழியெல்லாம் புதுப் புள்ளிகள் முளைக்கும், அத்தனைக்கும் நாம்தான் நிறம் பார்க்க வேண்டும். என் முதல் ஆப்பிளில் 400 புள்ளிகளுக்கு மேல் இருந்தன. பார்ப்பதற்கு நசுங்கிய தக்காளி.

நான் செய்த தவறு, ஆப்பிளின் வெளிக்கோட்டை பென் டூலில் (வளைகோடு வரையும் கருவி) கச்சிதமாக வரைந்துவிட்டு அதன் மேல் மெஷ் டூலால் கண்ட இடத்தில் கிளிக் செய்தது. ஒரு செவ்வகத்தில் ஒன்றிரண்டு கோடுகளோடு தொடங்கி, அதை உருவத்தின் வளைவுக்கு ஏற்ப வளைத்து, பிறகு தேவைக்கு மட்டும் கோடு சேர்த்து, விளிம்பை கிளிப்பிங் மாஸ்க்கால் (வெளியே நீட்டுவதை மறைக்கும் வடிவம்) வெட்டிக்கொண்டால் வலை கட்டுக்குள் இருக்கும். போட்டோவிலிருந்து ஐட்ராப்பரால் (தொட்ட இடத்து நிறத்தை எடுக்கும் கருவி) நிறம் எடுக்கிறவர்கள் போட்டோவை முதலில் லேசாக பிளர் செய்துவிடுங்கள், இல்லையென்றால் பக்கத்துப் பக்கத்துப் புள்ளியில் தப்பும் தவறுமாக நிறம் வந்து தோல் முழுக்கத் திட்டுத் திட்டாக இருக்கும்.

இப்போது ஸ்பூன். இதில் மெஷ் படாத பாடு படும். உலோகத்தில் கன்னங்கறுப்புக்குப் பக்கத்திலேயே பளீர் வெள்ளை நிற்கும், நடுவில் மாற்றமே இருக்காது, அப்படியொரு கூர்மையான விளிம்பு வர மெஷ்ஷில் இரண்டு கோடுகளை ஒட்டி ஒட்டி வைக்க வேண்டும். அடுக்கி வரைவதில் அது வெறும் இரண்டு வடிவம், வேலை முடிந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு போட்டோவைப் பார்த்து, ஐந்தாறு நிறங்களாக மட்டும் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு வடிவமாக வரைந்தாலே பத்தடி தள்ளி நின்று பார்க்கிறவருக்கு அது ஸ்பூன்தான். புதிதாகக் கற்கிறவர் இதில்தான் தொடங்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வேன், ஏனென்றால் நிழல் எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியாதவருக்கு மெஷ் எல்லாவற்றையும் மழுப்பிக் காட்டும், தவறு எங்கே என்றே பிடிபடாது.

பிளருக்கு ஒரு எச்சரிக்கை உண்டு. அது உண்மையில் வெக்டர் கிடையாது, வெளியே அனுப்பும்போது பிக்சலாகத்தான் மாறும். இல்லஸ்ட்ரேட்டரில் இந்தப் பிக்சல் அடர்த்தியைத் தீர்மானிக்கும் ராஸ்டர் எஃபெக்ட் அமைப்பு 72 பிபிஐயில் (அங்குலத்துக்கு 72 பிக்சல்) இருப்பதைக் கவனிக்காமல் ஒரு படத்தைப் பெரிதாக அச்சுக்குக் கொடுத்து, நிழலெல்லாம் கட்டம் கட்டமாக வந்து நின்றதைப் பார்த்த பிறகு, 300ஐ வைக்காமல் நான் வேலையைத் தொடங்குவதே இல்லை.

பிளெண்டை யாரும் பெரிதாக மதிப்பதில்லை, ஆனால் தலைமுடிக்கும் இமைக்கும் இதுதான். வளைந்த இரண்டு கோடுகளை வரைந்து நடுவே 30 படி போட்டால் ஒரு கற்றை முடி தயார். குழாய், பூவிதழ் மாதிரி ஒரே திசையில் நிறம் மாறுவதற்கும் நல்லது. இரண்டு வடிவத்திலும் நோட் (கோட்டைத் தாங்கும் புள்ளி) எண்ணிக்கை ஒன்றாக இருக்கட்டும், இல்லையென்றால் நடுவில் முறுக்கிக்கொள்ளும். போட்டோவைத் தானாகவே வெக்டராக மாற்றித் தரும் ஆட்டோ ட்ரேஸை இந்தப் போட்டியிலேயே சேர்க்கவில்லை, அதில் படம் கிடைக்கும், வரையப் பழக்கம் வராது.

சரி, மென்பொருள். இல்லஸ்ட்ரேட்டரில் மூன்று முறையும் நன்றாக ஓடும், 2018 அக்டோபரில் வந்த ஃப்ரீஃபார்ம் கிரேடியன்ட் (வலை இல்லாமல் விரும்பிய இடத்தில் நிறப்புள்ளி வைக்கும் வசதி) ஆப்பிள் மாதிரி எளிய உருவத்துக்கு மெஷ்ஷில் பாதி உழைப்பைக் குறைக்கும், ஆனால் சந்தா கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கோரல்டிராவின் மெஷ் ஃபில் கைக்கு இதமானது. அஃபினிட்டி டிசைனரில் வெக்டர் வடிவத்துக்குள்ளேயே பிக்சல் பிரஷ்ஷால் தோலின் சொரசொரப்பைத் தூவலாம், சுத்த வெக்டர்காரர்கள் முகம் சுளிப்பார்கள், எனக்குப் பிடிக்கும். இங்க்ஸ்கேப் இலவசம், அடுக்கி வரைந்து பழக அதுவே போதும். 2017இல் வந்த 0.92 பதிப்பிலிருந்து மெஷ்ஷும் உண்டு, ஆனால் எஸ்விஜி தரத்தில் (பிரவுசர்கள் படிக்கும் வெக்டர் கோப்பு வடிவத்தின் விதிமுறை) மெஷ் கடைசியில் இடம்பெறாமலே போனதால் அந்தக் கோப்பை அப்படியே பிரவுசரில் நம்பிப் போட முடியாது, யாருக்காவது காட்டுவதென்றால் பிஎன்ஜியாக எக்ஸ்போர்ட் செய்து அனுப்புங்கள்.