வரலாறு படிக்கக் கலிபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்: மூன்று வழிகளில் எது யாருக்கு?

கம்யூனிட்டி காலேஜ் என்பது இரண்டாண்டு அரசுக் காலேஜ்; அதை முடித்துப் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டுக்கு மாறலாம். கலிபோர்னியா கம்யூனிட்டி காலேஜில் மாநிலவாசிக்கு ஒரு யூனிட் (பாடத்தின் அளவுகோல்) 46 டாலர். ஆண்டுக்கு 30 யூனிட் எடுத்தால் 1,380. அதே முதல் இரண்டு ஆண்டை யூ.சி. (கலிபோர்னியா பல்கலைக்கழகம்) வளாகத்தில் படித்தால் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 14,000 டாலரைத் தாண்டுகிறது. ஆகவே வரலாறு, இலக்கியம், தத்துவம் படிக்க நினைப்பவருக்கு எங்கே தொடங்குவது என்பதில் அதிகக் குழப்பம் இல்லை. உள்ளே நுழைந்த பிறகுதான் சிக்கல். அதே 60 யூனிட்டை மூன்று விதமாக அடுக்கலாம், மூன்றும் வெவ்வேறு வாசலில் கொண்டுபோய் விடும். (டி ஆன்ஸா, ஃபுட்ஹில் போன்ற குவார்ட்டர் முறைக் காலேஜ்களில் இது 90 யூனிட்.)

முதலாவது, 'லிபரல் ஆர்ட்ஸ்' என்ற பெயரில் காலேஜே தரும் ஏ.ஏ. என்ற இரண்டாண்டுப் பட்டம். பொதுக்கல்விப் பாடங்களோடு, மனிதவியல் (ஹியூமானிட்டீஸ்) போன்ற ஒரு பெரும்பிரிவில் 18 யூனிட். ஓவிய வரலாறு, சினிமா, தத்துவ அறிமுகம் என்று பிடித்ததை எடுக்கலாம், சீக்கிரம் முடியும். அந்தச் சுதந்திரமே இதன் பலவீனம். யூ.சி.யோ, கால் ஸ்டேட் (கலிபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி) அமைப்போ இந்தப் பட்டத்தைப் பார்த்து இடம் தருவதாக உறுதி சொல்வதில்லை. வரலாற்று மேஜருக்கு (முதன்மைப் பாடத்துக்கு) தேவையான அடிப்படைப் பாடங்கள் அந்த 18 யூனிட்டில் சிதறிப்போனால், பல்கலைக்கழகத்துக்கு மாறிய பிறகு மூன்றாம் ஆண்டில் உட்கார்ந்து அவற்றைப் பல்கலைக்கழகக் கட்டணத்தில் முடிக்க வேண்டும். வேலைக்கு ஒரு ஏ.ஏ. போதும் என்பவருக்கு இது சரி. மாறப் போகிறவருக்கு நாங்கள் இதைச் சொல்லமாட்டோம்.

இரண்டாவது, ஏ.ஏ.-டி. 2010இல் வந்த சட்டத்தால் உருவான, பல்கலைக்கழகத்துக்கு மாறுவதற்கான ஏ.ஏ. பட்டம். வரலாறு, இங்கிலீஷ், தத்துவம் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. மேஜரில் குறைந்தது 18 யூனிட், மேலே கால்-கெட்ஸி என்ற பொதுக்கல்வித் தொகுப்பு: 11 பாடம், 34 யூனிட், ஒவ்வொன்றிலும் சி கிரேடு அல்லது மேல். ஒரே பாடம் மேஜரிலும் பொதுக்கல்வியிலும் எண்ணப்படலாம் என்பதால் கவனமாகத் தேர்ந்தால் மொழிப் பாடங்களுக்கு இடம் கிடைக்கும். 2.0 ஜி.பி.ஏ.வோடு (4.0 அளவில் சராசரி மதிப்பெண்) முடித்தால் கால் ஸ்டேட் அமைப்பில் மூன்றாம் ஆண்டு இடம் உறுதி, அங்கே இன்னும் 60 யூனிட்டில் பட்டம்.

உறுதி அமைப்புக்குத்தான், நீங்கள் விரும்பும் வளாகத்துக்கு அல்ல. கூட்டம் அதிகமுள்ள வளாகங்களில் ஏ.ஏ.-டி.க்கு ஜி.பி.ஏ.யில் சிறு சலுகை உண்டு. அது இடத்துக்கு உறுதி அல்ல. மேலும், 'ஒத்த' மேஜருக்கு விண்ணப்பித்தால்தான் அந்த 60 யூனிட் வாக்குறுதி நிற்கும். வரலாற்று ஏ.ஏ.-டி. வாங்கி வேறு துறைக்குப் போனால் அது கழன்றுவிடும். இன்னொன்று: பட்டம் தானாக வராது. காலேஜின் கெடு தேதிக்குள் பட்ட விண்ணப்பம் கொடுக்க வேண்டும், கால்-கெட்ஸி சான்றையும் கேட்டு வாங்கி அனுப்ப வேண்டும். எல்லாப் பாடமும் முடித்துவிட்டு இந்தத் தாளை மறப்பவர்கள் உண்டு.

மூன்றாவது, யூ.சி.யின் டாக் (TAG) ஒப்பந்தம். நிபந்தனைகளை நிறைவேற்றினால் ஒரு வளாகத்தில் இடம் உறுதி. டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆறு மட்டுமே. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ இதில் இல்லை. ஒரு வளாகத்துக்கு மட்டும் போடலாம், மற்றவற்றுக்குச் சாதாரண விண்ணப்பம் தடையில்லை. ஜி.பி.ஏ. வளாகத்துக்கு வளாகம் மாறும்: டேவிஸ் 3.2, இர்வைனும் சான்டா பார்பராவும் 3.4. கட்டாயம் பார்க்க வேண்டியது நாட்காட்டி. அடுத்த ஆண்டு இலையுதிர் பருவத்தில் சேர இந்த செப்டம்பருக்குள் டாக் போட வேண்டும், அப்போது 30 செமஸ்டர் யூனிட் முடிந்திருக்க வேண்டும். அதாவது உங்களைத் தீர்மானிப்பது முதல் ஆண்டு மதிப்பெண்தான். முதல் பருவத்தில் வேலை, படிப்பு, 15 யூனிட் என்று இழுத்துக்கொண்டு இரண்டு சி வாங்கியவருக்கு இந்த வாசல் அப்போதே குறுகிவிடும், அது மூடினால் ஏ.ஏ.-டி.தான் கைகொடுக்கும்.

மனிதவியல் மாணவர்கள் இந்த வழியில் இடறும் இடங்கள் இரண்டு. ஒன்று கணிதம். கடைசிப் பருவத்துக்குத் தள்ளிவைக்கிறார்கள், ஆனால் பல வளாகங்கள் அதையும் முதல் இங்கிலீஷ் பாடத்தையும் முன்கூட்டியே முடிக்கச் சொல்கின்றன. புள்ளியியல் (புதிய பொது எண்ணில் ஸ்டாட் சி1000) போதும், கால்குலஸ் தேவையில்லை. இன்னொன்று அயல்மொழி. கால்-கெட்ஸியில் மொழித் தேவையே கிடையாது என்பதால் கவுன்சலரின் திட்டத்தாளில் அது இடம்பெறாமல் போகலாம். ஆனால் யூ.சி.யின் பல மனிதவியல் துறைகள் மொழி கேட்கின்றன. புதிதாக ஒரு மொழியைத் தொடங்குபவர் முதல் நிலை முடியாமல் இரண்டாம் நிலை எடுக்க முடியாது. ஒவ்வொன்றும் ஒரு பருவம், பெரும்பாலும் 5 யூனிட். மூன்றாம் பருவத்தில் விழித்துக்கொண்டால் நேரம் போதாது. எந்தக் காலேஜ் பாடம் எந்த வளாகத்தில் ஏற்கப்படும் என்று காட்டும் அசிஸ்ட் தளத்தில் உங்கள் காலேஜையும் இலக்கு வளாகத்தையும் மேஜரையும் போட்டு அந்த ஒப்பந்தப் பக்கத்தை முதல் மாதமே எடுத்து வையுங்கள். யூ.சி. கம்யூனிட்டி காலேஜிலிருந்து 70 யூனிட் வரைதான் கணக்கில் சேர்க்கும் என்பதால், கூடுதல் ஆண்டு படிப்பதால் யூனிட்டில் லாபம் குறைவு.

ஏ.ஏ.-டி., டாக் இரண்டையும் ஒன்றாக நடத்தலாமா? முடியும். வரலாற்று ஏ.ஏ.-டி.யை அடித்தளமாக வைத்து, மேலே மொழியை முதல் பருவத்திலிருந்து ஏற்றி, செப்டம்பரில் டாக்கும் குளிர்காலத்துக்கு முன் கால் ஸ்டேட் விண்ணப்பமும் போடலாம். 3.2க்கு மேல் எடுக்க முடியும் என்று நம்புகிறவருக்கு இதுவே எங்கள் தேர்வு. மேஜரை மட்டும் இரண்டாம் பருவம் முடிவதற்குள் முடிவு செய்தாக வேண்டும்.

விசா விஷயம்: எச்-4இல் (எச்-1பி போன்ற வேலை விசாக்காரரின் குடும்பத்தினருக்கான விசா) இருப்பவர் மாநிலத்தில் ஓராண்டு நிரந்தரமாக வசிப்பதைக் காட்டினால் உள்ளூர்க் கட்டணத்துக்குத் தகுதி கோரலாம். எஃப்-1 மாணவருக்கு அது கிடையாது. அவர் பருவத்துக்கு 12 யூனிட் எடுக்க வேண்டும், அதில் ஒரே ஒரு ஆன்லைன் பாடம்தான் கணக்கில் சேரும். அதனால் எஃப்-1இல் வருபவர் மொழிப் பாடத்தை நேரடி வகுப்பாகவே பதிவு செய்யட்டும்.