“28 மி.மீ. குளச்சல் போர்க்களம்”: முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுத்துவிடாதீர்கள்

திருவிதாங்கூர் டச்சுக்காரர்களை வென்ற 1741 குளச்சல் போரை, மேசைமேல் பொம்மைப் படைகளை நகர்த்தி ஆடுவதற்காகக் குமரி மாவட்டத்துக்குள்ளேயே ஒருவர் ஆர்டர் எடுத்துச் செய்து தரும் மேசை செட் பற்றிய எச்சரிக்கை இது. 2 அடி சதுரப் பலகை 4, ஓட்டு வீடு 6, தென்னை 24, ஒரு மணல் அரண். 28 மி.மீ. உயரப் பொம்மைகளுக்கு என்று பேசி 9,500 ரூபாய், முழுவதும் முன்பணம். வந்து சேர்ந்தது வேறு.

முதல் கோளாறு அளவு. வீட்டுக் கதவின் உயரம் 23 மி.மீ. அது 1:87, அதாவது அசலில் 87-ல் ஒரு பங்கு, ரயில் மாடல் செய்பவர்களின் கணக்கு. 28 மி.மீ. பொம்மை ஏறக்குறைய 1:56. 2 மீட்டர் கதவு அதில் 36 மி.மீ. வர வேண்டும், பொம்மையின் அடித்தட்டையும் சேர்த்தால் 39. இந்த செட்டில் டச்சுச் சிப்பாய் கூரை ஓடுகளைத் தடவிக்கொண்டு நிற்கிறார். தென்னை 6 செ.மீ. அசல் கணக்குப்படி 18 மீட்டர் மரம் 32 செ.மீ. இருக்கும், ஆடும்போது கையில் இடிக்கும் என்பதால் 15 செ.மீ.க்குக் குறைப்பது வழக்கம்தான். 6 செ.மீ. என்றால் அது தென்னையே இல்லை, வாழை.

‘ஹார்ட் ஃபோம்’ என்றது டிவி பெட்டிக்குள் வரும் தெர்மோகோல். வெட்டிய ஓரத்தை நகத்தால் சுரண்டினால் மணிமணியாக உதிர்கிறது, நிஜ ஹார்ட் ஃபோமான எக்ஸ்.பி.எஸ்.ஸில் மணியே தெரியாது. ஃபெவிகால் படாத இடங்களில் ஸ்ப்ரே பெயின்ட் அடித்ததில் கரைப்பான் தின்று குழி விழுந்திருக்கிறது. கேட்டால், பீரங்கிக் குண்டு விழுந்த பள்ளமாம்! எக்ஸ்.பி.எஸ்.ஸும் ஸ்ப்ரேக்குத் தப்பாது. ஃபெவிகாலில் கறுப்பு அக்ரிலிக் கலந்து இரண்டு பூச்சு, ஒரு ராத்திரி காய விடுவது, அதன் பிறகே மற்றதெல்லாம்.

மணல் கடற்கரையில் அள்ளிக் கழுவாமல் ஒட்டியது. இரண்டு பருவமழையும் பெய்கிற ஊரில் உப்பு ஈரத்தை இழுக்கும், பசை இளகும், மேலே வெள்ளை பூக்கும். நல்ல தண்ணீரில் நாலைந்து தடவை அலசி, வெயிலில் காயவைத்துச் சலித்த மணல்தான் நிற்கும். நிழல் காட்டக் கருமணல் வேறு தூவியிருக்கிறார். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணலில் தோரியம் உள்ள மோனசைட் கலந்திருக்கும். பிள்ளைகள் கை வைக்கும் மேசையில் அதற்கு என்ன வேலை? தண்ணீராகக் கரைத்த பழுப்பு அக்ரிலிக் அதே நிழலைத் தரும்.

பலகை 3 மி.மீ. எம்.டி.எஃப். (மரநாரைப் பசையோடு அழுத்திய பலகை), மேல்பக்கம் மட்டும் பூச்சு. ஒரு பக்கம் மட்டும் நனைந்து காய்ந்ததால் ஓரங்கள் தூக்கி, இணைப்பில் 5 மி.மீ. இடைவெளி. 6 மி.மீ. பலகை எடுத்து அடிப்பக்கமும் பூசியிருந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

“ஆர்டர் வேலை, திருப்பி எடுக்க முடியாது” என்பதே அவர் பதில்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் வீடுகளை 15 மி.மீ., 20 மி.மீ. படைகளுக்கு ஒதுக்கலாம். மரங்களின் கொண்டையை மட்டும் வெட்டி 15 செ.மீ. மூங்கில் குச்சியில் ஏற்றினால் நல்ல கமுகு ஆகிவிடும். இனிமேல் ஆர்டர் கொடுப்பவர்கள், கதவோரம் 28 மி.மீ. பொம்மையும் ஸ்கேலும் வைத்து ஒரு படம், ஃபோமை வெட்டிய முகத்தின் படம் ஒன்று, இரண்டும் வந்த பிறகு பாதிப் பணம் அனுப்புங்கள். மீதி, பலகைகளைத் தரையில் சேர்த்து வைத்துப் பார்த்த பிறகு.