நான்கு ஆண்டுகளில் கணினியிலும் சட்டைப்பையிலும் நிலைத்தவை

எவரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் உரிமை தரும் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியதும், அன்றாடம் உடன் எடுத்துச் செல்லும் பொருள்களைக் குறைத்ததும் எனக்கு ஏறக்குறைய ஒரே சமயத்தில் நிகழ்ந்தவை. வசதிகளை எண்ணிப் பார்த்து வாங்கியவையும் நிறுவியவையும் பெரும்பாலும் ஓரங்கட்டப்பட்டுவிட்டன. பழுதானால் எளிதில் மீள முடியுமா என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தவையே இன்றும் கைவசம் இருக்கின்றன.

இயங்குதளமாக லினக்ஸ் மின்ட்டின், கணினிக்குச் சுமை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுத்தேன். நிறுவும் முன்பே பென்டிரைவிலிருந்து அதை இயக்கி, வைஃபை, ஒலி, பிரிண்டர் மூன்றும் வேலை செய்கின்றனவா என்று சோதித்துக்கொள்ள முடிந்தது புதியவனான எனக்குப் பெரும் துணிவைத் தந்தது. ஓர் இரவு, தேவையே இல்லாமல் கிராபிக்ஸ் டிரைவரை மாற்றப்போய், மறுதொடக்கத்தில் கறுப்புத் திரையை மட்டும் பார்த்துக்கொண்டு அமர்ந்திருந்தேன். அதே பென்டிரைவைச் செருகிக் கணினியைத் தொடங்கி, கணினியின் நிலையை அவ்வப்போது பதிந்துவைக்கும் டைம்ஷிஃப்ட் என்ற கருவி முந்தைய நாள் பதிந்து வைத்திருந்த நிலைக்குத் திரும்ப அரைமணி நேரம்கூட ஆகவில்லை. ஆனால் டைம்ஷிஃப்ட் காப்பது கணினியின் அமைப்பை மட்டுமே. நம் ஆவணங்களையும் படங்களையும் அது இயல்பாகச் சேர்ப்பதில்லை என்பதால், அவற்றுக்குத் தனி நகல் வேண்டும்.

2010இல் ஓப்பன் ஆபிஸிலிருந்து கிளைத்த அலுவலக மென்பொருளான லிப்ரே ஆபிஸ் கடிதங்களுக்கும் கணக்குகளுக்கும் போதுமானதாக இருக்கிறது. மைக்ரோசாஃப்ட்டின் காலிப்ரி எழுத்துருவுக்கு ஈடாக, எழுத்துகளின் அகலம் மாறாத கார்லிட்டோ இருப்பதால் சாதாரண வேர்டு கோப்புகளில் வரிகள் இடம்பெயர்வதில்லை. சிக்கலான அட்டவணைகள் சில நேரம் கலைகின்றன என்பதால், பிறருக்கு அனுப்பும்போது பிடிஎஃப் ஆக்கிவிடுகிறேன்.

சுமக்கும் பொருள்களில் எனக்குப் பாடம் கற்பித்தது டார்ச்தான். முதலில் வாங்கியது தனக்கென்றே வடிவமைத்த காந்தக் கேபிளில் மட்டும் சார்ஜ் ஏறும். கேபிள் தொலைந்த அன்றே டார்ச்சும் வெறும் உலோகத் துண்டாகிவிட்டது. இப்போது இருப்பது ஒரே ஒரு டிரிபிள் ஏ பேட்டரியில் எரியும் விரல் நீள டார்ச். வெளிச்சம் குறைவுதான், ஆனால் பேட்டரி எங்கும் கிடைக்கும். வேறெதிலும் திறக்க முடியாத கோப்பு வடிவத்தில் குறிப்புகளைச் சேமித்த ஒரு செயலியை நான் கைவிட்டதும் இதே காரணத்தால்தான். பல கருவிகள் மடிந்திருந்த மல்டிடூலோ பையைக் கிழித்ததோடு சரி. பர்ஸில் இரண்டு அட்டைகளும் சில நோட்டுகளும் போதும்.

கடவுச்சொற்களைச் சேமிக்கக் கீபாஸ்எக்ஸ்சி என்ற மென்பொருளை வைத்திருக்கிறேன். எல்லாம் குறியாக்கம் செய்த ஒரே கோப்பில் அடங்கிவிடுவதால், அதன் நகல் ஒன்று சாவிக்கொத்தில் கோத்த பென்டிரைவிலும், இன்னொன்று அதே கோப்பைத் திறக்கும் கைபேசிச் செயலியான கீபாஸ்டிஎக்ஸிலும் இருக்கின்றன. இரண்டு இடங்களில் மாற்றங்கள் செய்துவிட்டால், இணைக்கும் வசதியைக் கொண்டு ஒன்றாக்கிக்கொள்ளலாம். முதன்மைக் கடவுச்சொல்லை மறந்தால் மட்டும் எவராலும் மீட்டுத்தர முடியாது. அதைக் காகிதத்தில் எழுதி வீட்டில் பத்திரப்படுத்தியிருக்கிறேன்.

சென்ற ஆண்டு அந்தப் பென்டிரைவின் பிளாஸ்டிக் வளையம் ஒடிந்து, எங்கோ வழியில் விழுந்துவிட்டது. சாவிகள் மட்டும் கையில் இருந்தன. மாலையில் வேறொரு பென்டிரைவில் கோப்பை நகலெடுத்துக் கோத்துக்கொண்டேன். இம்முறை உலோக வளையம்.