தால் பாத், சத்துமாவு, எனர்ஜி பார்: எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு எது கைகொடுக்கும்?

கடலூரிலிருந்து எவரெஸ்ட் அடிவார முகாமுக்குக் கிளம்பியபோது என் பையில் துணியைவிடத் தின்பண்டம்தான் அதிகம். அம்மாவுக்கு அதுவும் போதவில்லை. "அங்க சோறு எப்படி இருக்குமோ, பருப்புப் பொடி இன்னும் கொஞ்சம் எடுத்துக்கோடா" என்று கட்டிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். உடன் வந்த புதுச்சேரி நண்பர் நேர் எதிர். கைடு, தங்கல், மூன்று வேளைச் சாப்பாடு எல்லாம் கட்டணத்திலேயே சேர்த்தி, பிறகு எதற்குச் சுமக்க வேண்டும் என்று ஒரு டஜன் எனர்ஜி பாரோடு வந்துவிட்டார்.

போய்த் திரும்பியபின் என் முடிவு இதுதான்: வேளைச் சாப்பாட்டுக்கு, வழியில் தங்கும் லாட்ஜில் தரும் பருப்புச் சோறான தால் பாத்தை எதுவும் மிஞ்சாது. நடைக்கு நடுவிலும் பசி செத்த நேரத்திலும் நம் வீட்டுப் பண்டம். எனர்ஜி பார் அவசரத்துக்கு ஒன்றிரண்டு போதும்.

முதலில் எடைக் கணக்கைப் பார்த்துவிடலாம். நடை தொடங்கும் ஊரான லுக்லாவுக்குப் போகும் சிறு விமானத்தில் ஆளுக்கு 15 கிலோதான் பெரும்பாலும் அனுமதி. ஜாக்கெட், தூங்கும் பை எல்லாம் போக, சாப்பாட்டுக்கு 2 கிலோ ஒதுக்கினாலே பெரிது. நாள் முழுக்க மேடேறும் உடம்புக்கு 3,000 கலோரிக்குக் குறையாமல் வேண்டும். அந்த 2 கிலோவையும் பண்ருட்டி முந்திரியாகவே கட்டினாலும் நான்கு நாளைக்கு வராது. அதோடு, அங்கே லாட்ஜ்காரர்களுக்கு அறை வாடகையில் அதிகம் கிடைப்பதில்லை, சாப்பாட்டில்தான் பிழைப்பு. அவர்கள் மேசையில் உட்கார்ந்து நம் மூட்டையை அவிழ்த்து முழுச்சாப்பாடு சாப்பிடுவது நன்றாக இருக்காது.

தால் பாத் என்றால் சோறு, பருப்பு, உருளைக்கிழங்குக் கறி, கீரை, ஊறுகாய். சோறும் பருப்பும் கேட்கக் கேட்க மறுபடி வைப்பார்கள். மெனுவில் இருக்கும் பீட்சாவுக்கோ நூடுல்ஸுக்கோ அந்தச் சலுகை கிடையாது. உயரத்தில் சோறு நல்லது என்பதற்கு உடம்பு சார்ந்த காரணமும் உண்டு. ஒரே அளவு ஆக்சிஜனைச் செலவழித்தால், கொழுப்பைவிட மாவுச்சத்திலிருந்து உடம்புக்குச் சற்றுக் கூடுதல் ஆற்றல் கிடைக்கும். காற்று மெலிந்த இடத்தில் அது கணக்கில் வரும். முந்திரி எடைக்கு எடை அதிகக் கலோரி தருவது உண்மை. ஆனால் 4,410 மீட்டரில் இருக்கும் திங்போச்சேயில், குமட்டலோடு படுத்திருந்த எனக்கு முந்திரியைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அதே ராத்திரி பருப்பு ஊற்றிய சோறு நாலு வாய் இறங்கியது.

அசைவத்துக்கு ஒரு வார்த்தை. மீன் இல்லாமல் சாப்பிடாத ஊரிலிருந்து போகிறோம், ஆசை வரத்தான் செய்யும். ஆனால் எவரெஸ்டைச் சுற்றியுள்ள கும்பு பகுதியில் பௌத்த நம்பிக்கையால் உயிர்க்கொலை செய்வதில்லை. மேலே கிடைக்கும் கறியெல்லாம் கீழேயிருந்து முதுகில் சுமந்து வந்தது. வழியிலுள்ள நாம்சே ஊரைத் தாண்டி ஒரு லாட்ஜில் சிக்கன் கேட்டு வாங்கிச் சாப்பிட்ட நண்பர் மறுநாள் முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தார். முட்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சரி, வீட்டிலிருந்து எதைக் கொண்டுபோவது? வேகவைக்க வேண்டிய எதுவும் கூடாது. 5,000 மீட்டரில் தண்ணீர் 83 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடுகிறது. திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகவே வேகாது. லாட்ஜ் அடுப்படியில் குக்கர் இருப்பதால்தான் நமக்குச் சோறே கிடைக்கிறது. அதனால் வறுத்து அரைத்த பொருள்தான் நமக்குச் சரி. வறுத்த தானியத்தில் அரைத்த சத்துமாவை வெந்நீரில் கரைத்து, வெல்லமும் உப்பும் போட்டால் கஞ்சி தயார். அந்த ஊர்க்காரர்கள் வறுத்த பார்லி மாவைத் தேநீரில் பிசைந்து சாப்பிடுகிறார்கள், சம்பா என்று பெயர். எங்கள் கைடு என் மாவை முகர்ந்து பார்த்துவிட்டு, இதுவும் சம்பாதானே என்றபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். எங்கோ ஒரு மலையில் அம்மாவின் கைப்பக்குவத்துக்கு உறவு கிடைத்த மாதிரி.

இன்னொன்று, உப்பு நார்த்தங்காய். குமட்டும்போது ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொண்டால் எனக்கு எச்சில் ஊறி, அப்புறம் தண்ணீர் குடிக்க முடிந்தது. ஒரு நாளைக்கு 3 லிட்டராவது உள்ளே போக வேண்டிய இடத்தில் அது சின்ன உதவி இல்லை. பருப்புப் பொடி? அம்மா மன்னிக்கட்டும், தால் பாத் இருக்கும்போது அது தேவைப்படவில்லை.

நண்பரின் எனர்ஜி பார் குளிரில் கல்லாகிவிட்டது. கடலைமிட்டாயும் பல்லைப் பதம் பார்க்கும் என்றாலும், உடைத்துச் சில்லு சில்லாகச் சப்பலாம். பாரைச் சட்டைக்குள் வைத்துச் சூடேற்ற வேண்டியிருந்தது. அந்த இனிப்பு மூன்றாம் நாளே அவருக்குத் திகட்டிவிட்டது. பேரீச்சம்பழம் இவை இரண்டையும்விட மெல்ல எளிது.

பூண்டு சூப் குடித்தால் உயர நோய் வராது என்று வழியெல்லாம் சொல்வார்கள். சூடாக உப்போடு உள்ளே போவதால் குடிக்கலாம், நானும் தினம் குடித்தேன். ஆனால் தலைவலியும் வாந்தியும் சேர்ந்து வந்தால் அதற்கு மேல் ஏறக் கூடாது. கைடிடம் உடனே சொல்ல வேண்டும். மோசமானால் இறங்குவதுதான் வழி, எந்தச் சாப்பாடும் அதை ஈடுசெய்யாது. புறப்படச் சில மாதம் முன்பே ரத்தத்தில் இரும்புச்சத்தைப் பார்த்துக்கொள்வதும் நல்லது. உயரத்தில் கூடுதல் ரத்த அணுக்களை உண்டாக்க உடம்புக்கு அது தேவை. பெண்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

கடைசியாக, எதைக் கொண்டுபோனாலும் ஊரிலேயே நடந்துகொண்டே சாப்பிட்டுப் பாருங்கள். நான் ஒரு மாதம் விடிகாலையில் தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் பையோடு நடந்து பார்த்தேன். குறுகிய வாய் பாட்டிலில் சத்துமாவு கட்டி கட்டியாகிவிடுகிறது என்று அங்கேதான் தெரிந்தது. மூடியுள்ள அகல வாய் எவர்சில்வர் டம்ளரும் ஒரு நீளக் கரண்டியும் அதற்கு அப்புறம் வாங்கியவை.