மாடிப் பசுமைக்குடில்: நாலு வருஷம் ஓட்டியதில் தெரிந்தது

2021 ஆடியில் மொட்டைமாடியில் குடில் போட்டேன். தாம்பரம் பக்கம் வீடு. பத்துக்கு எட்டடி, சுற்றிலும் பாலித்தீன், ஜிப் வைத்த கதவு. ஆன்லைனில் வாங்கிய ரெடிமேட் செட். விளம்பரப் படத்தில் தக்காளி கொத்துக்கொத்தாகத் தொங்கியது. அது குளிர் தேசத்துத் தக்காளி என்பது அடுத்த சித்திரையில்தான் உறைத்தது. மதியம் இரண்டு மணிக்கு வெளியே 38 டிகிரி. உள்ளே தொங்கவிட்ட தெர்மாமீட்டரில் 46. கத்திரி நாற்றெல்லாம் வதக்கிய கீரை மாதிரி தொட்டி விளிம்பில் சரிந்து கிடந்தது. சூட்டைப் பிடித்து வைக்கத்தான் பாலித்தீன் குடில். சென்னையில் அதை யார் கேட்டார்கள்?

அந்த வாரமே பாலித்தீனைக் கழற்றிவிட்டு, அதே சட்டத்தின் மேல் 50 சதவீதப் பச்சை நிழல்வலை கட்டினேன். பக்கங்களில் பூச்சி வலை. இன்றுவரை ஓடுவது இதுதான்.

கீரைக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. அக்னி நட்சத்திரத்திலும் சிறுகீரையும் புதினாவும் வாடவில்லை. கடை வாசலுக்குக் கீரைக்காகப் போய் ரொம்ப நாளாகிறது. அணில் தொல்லையும் ஒழிந்தது. எலி மட்டும் ஒருமுறை கீழ் ஓரத்தைக் கடித்துக்கொண்டு வந்தது.

தக்காளிதான் ஏமாற்றம். மாசி வரை நன்றாகக் காய்க்கும். அப்புறம் பூ வரும், காம்போடு உதிரும். ராத்திரியிலும் சூடு இறங்காவிட்டால் தக்காளி பிஞ்சு பிடிக்காது. எந்த வலை போட்டாலும் மே மாத இரவைக் குளிர வைக்க முடியாது. இப்போதெல்லாம் ஐப்பசியில் நட்டு, பங்குனியில் பிடுங்கிவிடுகிறேன்.

கொடிக் காய்களில் வேறு சிக்கல். வலைக்குள் தேனீ வராது. முதல் வருஷம் பாகல் பிஞ்செல்லாம் மஞ்சளாகி விழுந்தபோது உரம் போதவில்லை என்று நினைத்து பஞ்சகவ்யத்தை ஊற்றிக்கொண்டிருந்தேன். விஷயம் அதுவல்ல, தேனீ செய்யும் மகரந்தச் சேர்க்கையை நாம்தான் செய்ய வேண்டும். காலையில் ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிவிட்டு, அடியில் குட்டிக் காய் இருக்கும் பெண் பூவின் நடுவே மெதுவாகத் தடவ வேண்டும். பீர்க்கங்காய்க்கு இதே வேலை சாயங்காலம். அதன் பூ அப்போதுதான் விரியும். ஆபீஸ் போகிறவர்கள் பீர்க்கன் போடுங்கள்.

மாவுப்பூச்சிக்கு வலை ஒரு பொருட்டே இல்லை. எறும்பு சுமந்து வந்து சேர்த்துவிடும். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய கொஞ்சம் சோப்பு, வாரம் ஒருமுறை இலையின் அடிப்பக்கம். செம்பருத்தியைக் குடிலுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். எனக்கு அங்கிருந்துதான் வந்தது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வருவதற்கு முந்தின நாள் வலையைச் சுருட்டி மாடிப்படியில் போட்டேன். சட்டம் தப்பியது. வலையோடு விட்டிருந்தால் காற்று குடிலையே பாய்மரமாக்கியிருக்கும். பழைய பாலித்தீனையும் தூக்கி எறியவில்லை. அடைமழை மாதங்களில் நாற்றுத் தட்டுகளுக்கு மேல் மட்டும் கட்டுகிறேன், வேரழுகல் குறைந்தது.

போன மாதம் மேல்வலையை மாற்ற வேண்டியதாயிற்று. வெயில் பட்ட பக்கம் கையில் பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஓரத்தில் தேறிய துண்டை அம்மா வெட்டி எடுத்துக்கொண்டார். வடாம் காயும்போது காக்கா வராமல் மூட, வாங்கியதிலேயே உருப்படியான பொருள் இதுதான் என்கிறார்.