டிசம்பரில் பள்ளிக்கு எது பொருந்தும்: கிறிஸ்துமஸ் விழாவா, அனைத்துச் சமய விழாவா?

கிறிஸ்துமஸைத் தனி விழாவாகக் கொண்டாடுவதா, எல்லாச் சமயப் பண்டிகைகளையும் சேர்த்து ஒரே நாளில் நடத்துவதா என்ற கேள்வி, அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போது தமிழ்நாட்டுப் பள்ளிகள் பலவற்றின் ஆசிரியர் அறையில் எழுகிறது.

செலவு: தனி விழாவுக்குக் குடில், நட்சத்திரம், கேக் போதும். பொது விழாவுக்குச் செலவும் ஒத்திகையும் கூடும்.

கற்றல்: மூங்கில் குச்சிகளைக் கட்டி வண்ணத்தாள் ஒட்டும் பிள்ளை, அந்த நட்சத்திரம் எதைக் குறிக்கிறது என்று பக்கத்துப் பிள்ளையிடமே கேட்டுத் தெரிந்துகொள்கிறது. பொது விழாவிலோ சமயத்துக்கு ஐந்து நிமிடம் ஒதுக்குவதால் வேடம் மட்டுமே நினைவில் நிற்கிறது.

பங்கேற்பு: இங்குதான் தனி விழா தடுமாறுகிறது. சபரிமலைக்கு மாலை போட்டிருந்த மாணவன் ஒருவன், முட்டை கலந்த கேக்கை உண்ணவும் இயலாமல் திருப்பித் தரவும் கூசி, கையிலேயே வைத்துக்கொண்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு தட்டில் கடலைமிட்டாய் வைத்திருந்தால் அந்தச் சங்கடமே நேர்ந்திராது.

சட்டம்: முழுவதும் அரசு நிதியில் நடக்கும் பள்ளியில் சமய போதனை கூடாது என்றும், அரசின் அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் பள்ளியில் சிறுவரை வழிபாட்டில் பங்கேற்கச் செய்யக் காப்பாளரின் இசைவு வேண்டும் என்றும் அரசமைப்பின் 28ஆவது பிரிவு கூறுகிறது.

ஆகவே கிறிஸ்தவ நிர்வாகப் பள்ளிகளுக்கு, செபத்தை விருப்பத்துக்கு விட்டுவிட்ட தனி விழா பொருந்தும். அரசுப் பள்ளிகளுக்குப் பொது விழாவே ஏற்றது. ஆனால் அதை ஒரே நாளில் திணிக்காமல், ரம்ஜான், தீபாவளி, கிறிஸ்துமஸ் ஒவ்வொன்றையும் அதனதன் காலத்தில், வழிபாடு கலவாமல் நடத்த வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.